பரண்மேல் இருப்பவரின் உடலில் நடப்பது என்ன?

சென்னையை அடுத்த பெரும்பாக்கம் சதுப்புநிலத்தின் ஓரத்தில், சம்புக் கோரைக்கு எதிரே மடக்கு முக்காலி ஒன்றைப் போட்டு மஞ்சள் குருகுக்காகக் காத்திருந்த ஒரு பிப்ரவரி காலையில் 25 நிமிடங்களுக்குள் என் உடல் தோற்றுவிட்டது. முதலில் இடது பிட்டத்தில் ஓர் எரிச்சல், அடுத்து இடுப்புக்குச் சற்று மேலே ஓர் இறுக்கம், கடைசியாக வலது கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மரப்பு. எழுந்து காலை உதறினேன். நான் ஒருமுறைகூடப் பார்க்காத பக்கத்திலிருந்து, பத்தடி தொலைவில், குருகு எழும்பிப் பறந்தது. அலகை மேல்நோக்கி நீட்டிக் கோரையோடு கோரையாக நிற்பது அந்த இனத்தின் வழக்கம். நான் வருவதற்கு முன்பிருந்தே அது அங்கு நின்றிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இதே சோதனையை மரத்தின் மேல் எதிர்கொள்கிறார்கள். தரையிலிருந்து 15, 20 அடி உயரத்தில் ஒரு சிறிய இருக்கையையும் கால் வைக்க ஒரு தட்டையும் மரத்தோடு பிணைத்துக்கொண்டு, இலையுதிர் காலத்தில் விடிவதற்கு முன்பே ஏறி, சில நாட்களில் இருட்டும் வரை அங்கேயே இருப்பார்கள். நம் மொழியில் அது பரண். தினைப்புனத்தில் கிளி ஓட்டியவர்களின் இதணமும், மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் காவல் இருப்பவர்கள் இன்றும் கட்டும் மேடையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். (சென்னைவாசிகளுக்குப் பரண் என்றதும் கொலு பொம்மைப் பெட்டியும் பழைய அண்டாவும் நினைவுக்கு வந்தால் அது அவர்கள் குற்றமல்ல.) 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே வேட்டை குற்றம். ஆனால் யானைக் கணக்கெடுப்புக்காக நீர்நிலை அருகே உட்காருகிறவருக்கும், பள்ளிக்கரணைச் சதுப்பில் கேமராவோடு உட்காருகிறவருக்கும் காத்திருப்பு இருக்கவே செய்கிறது. அதைப் பொறுமை என்ற குணத்தின் கணக்கில் எழுதுவது நம் பழக்கம். எனக்கென்னவோ அதில் பெரும்பங்கு இரத்த ஓட்டத்தின் கணக்கில் எழுத வேண்டியது என்றே தோன்றுகிறது.

உட்காரும்போது மேலுடம்பின் எடையில் பெரும்பகுதி, இடுப்பெலும்பின் அடியில் இருபுறமும் துருத்தி நிற்கும் இரண்டு முனைகளின் வழியாக இறங்குகிறது. உள்ளங்கையை அடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தால் அவை இரண்டும் கையில் குத்தும். அந்த முனைக்கும் பலகைக்கும் இடையில் நசுங்குவது தோலும் கொழுப்பும் தசையும், அவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும். நகத்தடித் தோலின் நுண்குழாய்களில் நேரடியாகவே அளந்த அமெரிக்க உடலியலாளர் யூஜின் லாண்டிஸ், 1930இல், அவற்றின் தொடக்க முனையில் அழுத்தம் ஏறக்குறைய 32 மி.மீ. பாதரசம் என்று கண்டார். கடினமான இருக்கையில் அந்த எலும்பு முனைகளின் கீழே ஏற்படும் அழுத்தமோ எளிதாக 100 மி.மீட்டரைத் தாண்டும். ஆகவே அந்த இடத்தில் இரத்தம் நுழைவது தடைபடுகிறது, கழிவுகள் தேங்குகின்றன, வலி நரம்புகள் முறையிடுகின்றன, நாம் நெளிகிறோம். வீட்டு நாற்காலியில் இந்த நெளிதலை நாம் கவனிப்பதே இல்லை. பரண்மேல் மட்டும்தான் அது குற்றமாகிவிடுகிறது. முதுகுத்தண்டில் அடிபட்டு உணர்விழந்தவர்களுக்கு இந்த முறையீடு மூளைக்குப் போய்ச் சேராததால்தான் படுக்கைப் புண் வருகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களைச் சீரான இடைவெளியில் கையை ஊன்றி உடலைத் தூக்கச் சொல்வதும் அதனால்தான்.

இதிலிருந்து இருக்கையைப் பற்றிய பாடம் தானாகவே வருகிறது. மெத்தையின் வேலை மென்மையாக இருப்பது மட்டுமல்ல, எடையை அந்த இரண்டு முனைகளிலிருந்து தொடை முழுவதற்கும் பரப்புவது. என் முக்காலியின் குறை அதன் உயரத்தில் இருந்தது. தாழ்ந்த இருக்கையில் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும்; தொடை இருக்கையைத் தொடாது, எடை முழுவதும் எலும்பு முனைகளில் இறங்கும், முதுகும் வில்லாக வளையும். மாறாக இருக்கை உயரமாகிக் கால் தொங்கினால் அதன் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அறுக்கும். தொடை தரைக்கு இணையாகவும் பாதம் முழுவதும் ஊன்றியும் இருக்கும் உயரமே சரியானது.

கால் மரத்துப்போவது பெரும்பாலும் இரத்தம் போகாததால் மட்டும் என்று நினைக்கிறோம். நரம்பே நசுங்குவதும் அதற்குச் சமமான காரணம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், எலும்பின் மேடு ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கால்மேல் கால் போட்டாலும், சம்மணமிட்டாலும், நெடுநேரம் குந்தினாலும் அது அழுத்தப்படலாம். அழுத்தம் நீங்கியதும் நரம்பிழைகள் தாறுமாறாகச் சைகை அனுப்பத் தொடங்குவதே எறும்பு ஊர்வதுபோன்ற அந்தக் குறுகுறுப்பு.

தசையின் சங்கதி வேறு. சுருங்கியபடியே இருக்கும் தசை தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. விட்டுவிட்டுச் சுருங்கினால் அது பம்புபோல இரத்தத்தை இழுத்துக்கொள்ளும், தொடர்ந்து சுருங்கினால் மூச்சு முட்டும். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைவிடத் தூக்கிக்கொண்டே நிற்பது கடினம் என்பதை தி.நகரில் பேருந்துக்கு நின்றவர்கள் அறிவார்கள். நாணை இழுத்துப் பிடித்தபடியே காத்திருக்க வேண்டிய வில்வேட்டைக்காரர்களின் இந்தச் சிக்கலுக்கு ஹோலெஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் ஒரு தீர்வு கண்டு, 1969இல் காப்புரிமை பெற்றார். அவருடைய வில்லின் நுனிகளில் மையம் விலகிய உருளைகள் உண்டு. நாணை முழுமையாக இழுத்த பிறகு அவை திரும்பி நிற்பதால் பிடித்து வைத்திருக்கத் தேவையான விசை வெகுவாகக் குறைந்துவிடும். கேமராக்காரர்களுக்கு ஒற்றைக்கால் தாங்கி அந்த உருளைகளின் வேலையைச் செய்கிறது.

கால்களுக்குள் நிகழ்வதுதான் உண்மையில் ஆபத்தானது. ஆகஸ்ட் 15 அன்று பள்ளி மைதானத்தில் கொடியேற்றத்துக்காக விறைப்பாக நிற்கும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் மயங்கி விழுவதற்கு வெயிலும் காலை உணவைத் தவிர்த்ததும் மட்டும் காரணமல்ல. காலிலிருந்து இரத்தத்தை மேலே தள்ள இதயம் மட்டும் போதாது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரைகளைப் பிழிந்து மேலே அனுப்புகிறது, சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் ஏறக்குறைய 90 மி.மீ. ஆக இருக்கும் அழுத்தம், நடக்கத் தொடங்கிய சில அடிகளில் 30க்கும் கீழே இறங்கிவிடும். உட்கார்ந்திருக்கும்போது நிலைமை இரண்டுக்கும் நடுவில். 1940இல் ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மேல் குண்டு வீசியபோது, பதுங்குமிடங்களில் மடக்கு நாற்காலிகளில் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தவர்களிடையே, காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலை அடைத்து நேர்ந்த மரணங்களைக் கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் பதிவு செய்தார். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் அடியை அழுத்தியதே அதில் முக்கியம்.

இதற்கு மாற்று மிக எளியது என்பதை மிசூரிப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இளைஞர்களை 3 மணி நேரம் உட்காரவைத்து, ஒரு காலை மட்டும் 1 நிமிடம் ஆட்டுவது, 4 நிமிடம் சும்மா விடுவது என்று மாறிமாறிச் செய்யச் சொன்னார்கள். ஆட்டாத காலின் தமனி விரிந்து கொடுக்கும் திறன் குறைந்தது, ஆட்டிய காலில் அது கூடியது. ‘காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது’ என்று பாட்டி அதட்டியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பரண்மேல் காலையே ஆட்ட வேண்டியதில்லை. காலணிக்குள் விரல்களை மடக்கி விரிப்பது, குதிகாலை அரை அங்குலம் உயர்த்தி இறக்குவது, பிட்டத் தசைகளை ஒரு பக்கமாக இறுக்கித் தளர்த்துவது ஆகியவை வெளியே தெரியாமலே அந்தப் பம்பை இயக்கிவிடும்.

மரத்தின் மேல் இன்னொரு ஆபத்தும் உண்டு. தூக்கத்தில் சரிந்து விழாமலிருக்க உடல் முழுவதையும் பிடிக்கும் பட்டையை அணிகிறார்கள். விழுந்து அதில் தொங்கிவிட்டால் கால்கள் அசைவற்றுப்போக, தொடைப் பட்டைகள் சிரைகளை நெரிக்க, இரத்தம் காலிலேயே தேங்கி அரை மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்து வரக்கூடும். தொங்கும்போது கால் ஊன்றி நிற்பதற்கென்றே பட்டையோடு ஒரு கண்ணி வைத்திருப்பது அதனால்தான்.

வெப்பத்துக்கு வந்தால் அவர்கள் ஊரும் நம் ஊரும் எதிரெதிர் முனைகள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு வளர்ந்த மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார், அதாவது பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. வேகமாக நடந்தால் அது மூன்று மடங்குக்கு மேல் போகும். நவம்பர் குளிரில் கனத்த உடைகளோடு காட்டுக்குள் நடந்து மரமேறுகிறவர் வியர்த்துவிடுகிறார். ஏறி உட்கார்ந்ததும் உற்பத்தி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட, நனைந்த உடையோ வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அதனால் அனுபவசாலிகள் மேலங்கியைப் பையில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்துபோய், மேலே ஏறி உடல் ஆறிய பிறகு அணிந்துகொள்கிறார்கள். நனைந்தால் காப்பிழக்கும் பருத்தியைத் தவிர்த்துக் கம்பளியை விரும்புகிறார்கள்.

சென்னையில் அதே பருத்தி நமக்கு நண்பன். அந்த 100 வாட்டை வியர்வையால் மட்டுமே வெளியேற்றுவதாக வைத்துக்கொண்டால், ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் தேவை என்பதால், மணிக்கு 150 கிராம் ஆவியாக வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீருக்குச் சற்றுக் குறைவு. அளவு சிறியதுதான். ஆனால் வழிந்து சொட்டும் வியர்வை இந்தக் கணக்கில் சேராது, ஆவியானால்தான் குளிர்ச்சி. சதுப்பு ஓரத்தில், காற்றே அசையாத காலை 8 மணிக்கு, ஈரத்தால் ஏற்கெனவே நிறைந்த காற்றில் அது ஆவியாக மறுக்கிறது; அசையாத உடலைச் சுற்றி ஈரக்காற்றின் ஒரு மெல்லிய உறை வேறு தங்கிவிடுகிறது. இலேசான காற்று வந்து அந்த உறையைக் கலைத்துவிட்டால் வெப்பமானியில் எதுவும் மாறாமலே நமக்கு உயிர் வந்துவிடுகிறது. ஆகவே நிழலைத் தேடுவதோடு காற்று வரும் திசையையும் பார்த்து இடம் பிடிப்பது நல்லது. எழுந்துபோக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் வருவது, நான் செய்த தவறுகளிலேயே மோசமானது.

இத்தனை அடக்கமும் எதற்கு? பல விலங்குகளின் கண்ணுக்கு உருவத்தைவிட அசைவு முக்கியம். மானின் விழித்திரையில் நிறமறியும் செல்கள் இரண்டே வகை. செம்மஞ்சள் அதற்கு நிறமாகத் தனித்துத் தெரியாது. மற்ற வேட்டைக்காரர்கள் தவறிச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக அமெரிக்கர்கள் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் மேலாடை அணிந்தும் மானிடம் பிடிபடாமலிருப்பது அதனால்தான். ஆனால் கையைச் சட்டென்று தூக்கினால் எல்லாம் முடிந்தது. பறவைகளுக்கோ நான்கு வகைச் செல்கள், அவற்றிடம் நிறமும் தப்பாது. கிண்டி தேசியப் பூங்காவில் மேயும் வெளிமான்களைச் சிறிது நேரம் கவனித்தால் ஒரு தாளம் பிடிபடும்: தலை தாழ்கிறது, மேய்கிறது, திடீரென்று உயர்கிறது. இடம் மாறி உட்காரவும் கொசுவைத் துடைக்கவும் உரிய நேரம் தலை தாழ்ந்திருக்கும் நேரம்தான். அல்லது காற்றில் கோரை முழுவதும் அசையும் நேரம்.

மனம் உடலைவிட விரைவில் சோர்கிறது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எதிரியின் நீர்மூழ்கிகளைத் தவறவிட்டது ஏன் என்று ஆராய்ந்த உளவியலாளர் நார்மன் மேக்வொர்த், 1948இல் வெளியிட்ட சோதனையில் எண்கள் இல்லாத ஒரு கடிகாரத்தை 2 மணி நேரம் பார்க்கச் சொன்னார். முள் படிப்படியாக நகரும், எப்போதாவது ஒருமுறை இரட்டைப் படி தாண்டும். அதைச் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறவிடுவது கணிசமாகக் கூடிவிட்டது. வெர்ஜீனியாவில் நடந்து 2014இல் வெளியான இன்னொரு சோதனை வேடிக்கையானது. வெறும் அறையில் 15 நிமிடம் சிந்தித்துக்கொண்டு உட்காரச் சொல்லி, மின்னதிர்ச்சி தரும் ஒரு பொத்தானையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் தாங்களே அழுத்திப் பார்த்தார்கள். நம் கை கைபேசியைத் தேடுவதில் வியப்பில்லை.

நான் கண்ட வழி, கண்ணுக்கு வேலை கொடுப்பதுதான். கோரை வரிசையை இடமிருந்து வலமாக நான்கு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மெதுவாகத் துழாவி முடிக்கும்போது குதிகாலை இருபது முறை உயர்த்துகிறேன், எடையை மறு பக்கத்துக்கு மாற்றுகிறேன், ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறேன். முக்காலியை மாற்றிவிட்டேன். சென்ற மாதம் 3 மணி 10 நிமிடம் உட்கார முடிந்தது. குருகு வரவில்லை. மடையான் கொக்கு ஒன்று மட்டும் எனக்கு முன்பே வந்து, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நின்றிருந்தது. நான் முக்காலியை மடக்கியபோதும் அதே இடத்தில்தான் நின்றது.