ஒழுகும் கூரையும் நாலு அங்குல டேப்பும்

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு, எங்கள் கேம்பர் ட்ரெய்லர். அதன் கூரை ஒரே அளவில் நிற்பதில்லை. மரச்சட்டத்தின் மேல் போர்த்திய ஆறு மீட்டர் அலுமினியத் தகடு அது. மிச்சிகன் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி செல்சியஸில் விறைத்துக் கிடக்கும். ஜூலை வெயிலில் அதே தகடு 60 டிகிரிக்குச் சூடேறும், கை வைக்க முடியாது. ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி சூடேறினால் 0.023 மில்லிமீட்டர் நீளும். ஆறு மீட்டருக்கும் 75 டிகிரி வித்தியாசத்துக்கும் பெருக்கிப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. கீழே இருக்கும் மரச்சட்டமோ இரண்டு மில்லிமீட்டர் நீண்டால் அதிகம். மீதி எட்டு மில்லிமீட்டர் இழுபறி முழுக்கத் திருகுகளின் மேலும் தகட்டின் ஓரங்களின் மேலும் அங்கே இடுக்கை அடைக்க வைத்திருக்கும் களிம்பு போன்ற பட்டியின் மேலும்தான் விழுகிறது. நெடுஞ்சாலைக் குலுக்கல் வேறு.

கட்டிப்போட்ட வீட்டின் கூரைக்கும் சக்கரத்தில் ஓடும் கூரைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இங்கே கெட்டியாக அடைத்தது எதுவும் நிலைக்காது. தொழிற்சாலையில் வைத்த பட்டி சில வருடங்களில் எண்ணெய் வற்றிக் காய்ந்து, பாளம் பாளமாக வெடிக்கும். முடி நுழையும் அளவு விரிசல் விழுந்தால் போதும்.

எங்கள் வண்டியில் அது ஒரு மழை இரவில் தெரிய வந்தது. "என்னங்க, தலையணை ஈரமா இருக்கு" என்று மனைவி எழுப்பினாள். கட்டிலுக்கு நேர் மேலே காற்றுப்போக்கி. பகலானதும் ஏணி வைத்து ஏறி, அதைச் சுற்றிக் கடையில் கிடைத்த சிலிக்கோனை ஒரு குழாய் முழுக்கப் பிதுக்கிப் பூசினேன். அடுத்த மழையிலும் அதே இடத்தில் சொட்டியது. இன்னொரு குழாய் பூசினேன். இரண்டு மாதம் இப்படியே போனது. உண்மையில் தண்ணீர் நுழைந்துகொண்டிருந்தது அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளி, முன்பக்க மூலையில், கூரைத் தகடும் சுவர்த் தகடும் சேரும் விளிம்புப் பட்டையின் அடியில். உள்ளே வந்த தண்ணீர் மரச்சட்டத்தின் மேல் நடந்து, ஒரு ஆணி முனை கிடைத்த இடத்தில் இறங்கியிருக்கிறது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைத்ததுதான் என் தவறு. ஒழுகலோடு மல்லுக்கட்டுகிற முக்கால்வாசிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

தண்ணீர் பள்ளத்தை நோக்கி மட்டும் ஓடும் என்பது ஆற்றுக்கும் குழாய்க்கும் சரி. மெல்லிய இடுக்குக்கு அது பொருந்தாது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு சுத்தமான தகடுகளை நிறுத்தி அடியைத் தண்ணீரில் வைத்தால், புவியீர்ப்பை எதிர்த்துச் சுமார் 15 சென்டிமீட்டர் உயரம் வரை தண்ணீர் தானே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான், நுண்புழை விசை. இதோடு காற்றும் சேரும். மழையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை இழுத்துப் போகும்போது முன்பக்கத்தில் சுமார் 460 பாஸ்கல் அழுத்தம் விழுகிறது. ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தூக்கி நிறுத்த அது போதும். நிற்கும்போது ஒழுகாத வண்டி ஓடும்போது ஒழுகுவதன் காரணம் இது. உள்ளே காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். வண்டிக்குள் அழுத்தம் லேசாகக் குறைந்து, இடுக்கில் தேங்கிய தண்ணீரை உள்ளே உறிஞ்சும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கேம்பர் பழுதுபார்ப்பவர்கள் இந்தத் தத்துவத்தையே திருப்பிப் போட்டார்கள். ஜன்னல் ஒன்றில் ஊதும் விசிறியைப் பொருத்தி, மற்ற திறப்புகளையெல்லாம் மூடி, வண்டிக்குள் காற்றை லேசாக அடைப்பார்கள். பிறகு கூரை மேல் சோப்புத் தண்ணீரைப் பூசிக்கொண்டே வந்தால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். சைக்கிள் கடையில் ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்ப்பார்களே, அதே வேலை. காற்று மிதமாக இருக்க வேண்டும், அளவு மீறினால் உட்கூரைப் பலகை பெயர்ந்துவிடும். எங்கள் வண்டியின் முன்மூலையில் ஒரு திருகின் தலையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக எழும்பியதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது.

இனி டேப்.

முதலில் டக்ட் டேப்பை ஒதுக்கிவிடுவோம். அவசரத்துக்கு அதை ஒட்டாத ஆளே கிடையாது. ஆனால் அதற்குள் இருப்பது துணி வலை. ஓரத்தில் நனைந்தால் நூல் வழியாகவே தண்ணீர் உள்ளே நடக்கும். வெயிலில் அதன் பசை இளகி நகரும், பிறகு காய்ந்து பொருக்காகும். கூரைக்கு வேண்டியது வேறு ஜாதி டேப்: மேலே வெயிலைத் தாங்கும் பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் தாள், அடியில் ஒரு மில்லிமீட்டர் அளவு தடிமனில் களி போன்ற பசை. அமெரிக்கக் கேம்பர்காரர்கள் வாயில் எட்டர்னாபாண்ட் என்ற பிராண்டின் பெயரே இந்த டேப்புக்குப் பெயராகிவிட்டது. இந்த வகை டேப்புகள் பலவற்றில் பசைக்கு ஆதாரம் பியூட்டைல் ரப்பரும் அதன் உறவுகளும்.

பியூட்டைல் ரப்பர் 1937-ல் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஐசோபியூட்டிலீனோடு நூற்றுக்கு ஓரிரு பங்கு ஐசோப்ரீன் சேர்த்து நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை உருவாக்கினார்கள். அந்தச் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பன் அணுவில் இரண்டு மீத்தைல் கிளைகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கூட்டம் நெருக்கியடிக்கும் பேருந்தில் யாரும் முன்னேற முடியாதது போல, சங்கிலிகள் அசைய முடியாமல் மெதுவாக நெளிகின்றன. நடுவே புகுந்து போகக் காற்றுக்கும் ஈரத்துக்கும் வழி கிடைப்பதில்லை. இயற்கை ரப்பரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காற்றைத்தான் பியூட்டைல் கசியவிடும். டயர் ட்யூபுக்கு அதைத் தேடிப் போனதும் இதற்காகவே. சைக்கிள் ட்யூப் இன்றைக்கும் பெரும்பாலும் பியூட்டைல்தான். ட்யூபுக்கு அதை வேகவைத்துச் சங்கிலிகளைக் குறுக்கே முடிச்சுப் போட்டுவிடுவார்கள். டேப்பில் முடிச்சு மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. அதனால்தான் அது நிரந்தரமாகப் பிசுபிசுவென்று இருக்கிறது.

பிசுபிசுப்பு என்பது உண்மையில் என்ன? பசை ஏதோ வேதிப்பொருளைச் சுரந்து தகட்டைக் கடித்துக்கொள்கிறது என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. எந்த இரண்டு பொருளும் மிக மிக நெருங்கினால், ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்குள் வந்தால், வாண்டர்வால்ஸ் விசையால் ஒன்றையொன்று இழுக்கும். மேஜையும் தட்டும் ஒட்டிக்கொள்ளாததற்குக் காரணம் இரண்டும் கரடுமுரடாகவும் கெட்டியாகவும் இருப்பது. கண்ணுக்கு வழவழப்பான தகடுகூட நுண்ணளவில் மலைத்தொடர். இரண்டு மலைத்தொடர்களைக் கவிழ்த்து வைத்தால் சில சிகரங்கள் மட்டும்தான் தொடும். ஒன்று குழைவாக இருந்தால் அது பள்ளங்களுக்குள் இறங்கி முழுப் பரப்பையும் தொட்டுவிடும்.

எவ்வளவு குழைவு வேண்டும்? 1960-களில் 3எம் நிறுவனத்தின் கார்ல் டால்க்விஸ்ட் அதற்கு ஒரு வரம்பு சொன்னார். அழுத்தினால் வளைந்துகொடுக்க மறுக்கும் தன்மைக்கு ஓர் எண் உண்டு, மீள்குணகம். ஏறத்தாழ 3 லட்சம் பாஸ்கலுக்குக் கீழே அது இருந்தால் பொருள் தொட்டதும் ஒட்டும், மேலே போனால் ஒட்டாது. ரப்பர் பேண்டு அந்த வரம்புக்கு மேலே இருக்கிறது, அதனால் விரலில் ஒட்டுவதில்லை. அலுமினியத்தின் எண் 7,000 கோடி பாஸ்கல்.

குழைவு மட்டும் போதாது. தேன்கூடக் குழைவுதான், ஆனால் இழுத்தால் வந்துவிடும். நல்ல டேப்பின் பசை மெதுவாக அழுத்தினால் திரவம் மாதிரி ஓடுகிறது, சட்டென்று இழுத்தால் திடப்பொருள் மாதிரி எதிர்க்கிறது. ஒட்டிய டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். கறுப்புப் பசை நூல் நூலாக நீண்டு, ஒவ்வொரு நூலும் மெலிந்து மெலிந்து கடைசியில்தான் அறும். கையின் வலு முழுக்க அந்த நூல்களை நீட்டுவதிலேயே செலவாகிவிடுகிறது, பிரிவு விளிம்புக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். கூரை எட்டு மில்லிமீட்டர் இழுபடும்போதும் இந்தப் பசை எதிர்த்து வெடிப்பதில்லை, நாள் முழுக்க மெதுவாகக் கூடவே நகர்ந்து கொடுக்கிறது. காய்ந்த பட்டி தோற்ற இடத்தில் இது ஜெயிப்பது இப்படித்தான்.

டேப் பெயர்வதற்கு டேப் காரணமாக இருப்பது அபூர்வம். அடியில் கிடக்கும் பரப்புதான் பெரும்பாலும் காலை வாருகிறது. பலாப்பழம் அறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். அந்த மெல்லிய படலம் போதும், அவ்வளவு பிடிவாதமான பிசினும் தோலைத் தொட முடியாமல் வழுக்கிவிடும். கூரை மேல் அந்த எண்ணெயின் வேலையைச் செய்வது நான் பூசினேனே, அந்தச் சிலிக்கோன். ஒரு பசை ஒரு பரப்பில் பரவ வேண்டுமென்றால் பரப்பின் ஆற்றல் பசையின் பரப்பு இழுவிசையைவிட அதிகமாக இருக்க வேண்டும். பியூட்டைல் வகைப் பசைக்கு அது மீட்டருக்கு 30 மில்லிநியூட்டனுக்குச் சற்று மேல்; சிலிக்கோனுக்கு 20-ஐ ஒட்டியே இருக்கிறது. தாமரை இலையில் தண்ணீர் போலப் பசை அதன்மேல் நிற்கும், இறங்காது. சிலிக்கோன் மேல் புது சிலிக்கோன்கூடச் சரியாகப் பிடிப்பதில்லை. நான் பூசிய இரண்டு குழாயையும் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி எடுக்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

புதிய வண்டிகள் பலவற்றில் அலுமினியக் கூரை இல்லை. ப்ளைவுட்டின் மேல் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் விரிப்பு அல்லது டிபிஓ என்ற பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டியிருப்பார்கள். விரிப்பின் நடுவில் அநேகமாக ஒழுகாது. ஏசி, காற்றுப்போக்கி, கழிவுக்குழாய், ஆன்டெனா என்று அறுத்த இடங்களில்தான் ஒழுகும். பழைய ஈபிடிஎம் கூரையில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் சுண்ணாம்பு தொட்டது போல வெள்ளைத் தூள் அப்பும். அதைக் கழுவாமல் டேப் ஒட்டினால் டேப் அந்தத் தூளைத்தான் பிடித்துக்கொள்ளும், கூரையை அல்ல. சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். ஈபிடிஎம் மேல் பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்றவை கூடவே கூடாது. ரப்பர் அவற்றைக் குடித்து ஊதிவிடும். டிபிஓ என்றால் அதற்கு ஏற்ற டேப்பா என்று உறையில் பார்த்து வாங்க வேண்டும், அது ஒட்டச் சண்டித்தனம் செய்யும் பிளாஸ்டிக்.

ஒட்டும் முறையை ஓடு வேய்கிறவரிடம் கற்றுக்கொள்ளலாம். அவர் இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போவார், மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்கார. டேப்பும் அப்படியே: தாழ்ந்த பக்கம் முதலில், உயர்ந்த பக்கம் கடைசியில். ஓடிவரும் தண்ணீர் எந்த விளிம்பையும் எதிர்கொள்ளக் கூடாது. துண்டின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிடுங்கள், உரிவது எப்போதும் கூர்மூலையில்தான் தொடங்கும். டேப்பை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்த தாள் சுருங்கப் பார்க்கும், மாதக்கணக்கில் மெல்ல இழுத்தால் இந்தப் பசை தேன் மாதிரி வழிவிட்டுவிடும். தடவிக்கொடுத்தால் போதாது, சின்ன ரப்பர் உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி உருட்ட வேண்டும். பசை பள்ளங்களில் இறங்க அழுத்தமும் நேரமும் சூடும் வேண்டும். ஒட்டிய அன்றைக்கு இருக்கும் பிடியைவிட மறுநாள் பிடி அதிகமாக இருப்பது இதனால்தான். குளிர்நாளில் பசை விறைத்து டால்க்விஸ்ட் வரம்பைத் தாண்டிவிடும். நான் மே மாதம் வரை காத்திருந்து, தகடு கைக்கு வெதுவெதுப்பாக இருந்த ஒரு முற்பகலில் ஒட்டினேன்.

சில இடங்களில் டேப் கெடுதல் செய்யும். ஜன்னல் சட்டத்தின் கீழ்விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவை ஓட்டை அல்ல, சட்டத்துக்குள் சேரும் தண்ணீர் வெளியேற விட்ட வடிகால். அவற்றை அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். ஈரமான மரத்தின் மேல் ஒட்டுவது அதைவிடப் பெரிய தீங்கு. மரத்தில் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தாண்டினால் மக்கச்செய்யும் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. பியூட்டைல் ஈரத்தை உள்ளே விடாது என்று மேலே சொன்னேன், வெளியேயும் விடாது. எங்கள் முன்மூலையில் உட்பலகையைக் கழற்றியபோது ப்ளைவுட் கட்டைவிரலுக்கு நனைந்த ரஸ்க் போல அமுங்கியது. அதை வெட்டி எடுத்து, சட்டத்தை இரண்டு வாரம் விசிறிக் காற்றில் காயவைத்து, புதுப் பலகை வைத்த பிறகுதான் வெளியே டேப்புக்குப் போனேன். விளிம்புப் பட்டையை மொத்தமாகக் கழற்றி, அதன் அடியில் பியூட்டைல் நாடா வைத்துத் திருகி, அதன் மேல் நாலு அங்குல டேப்.

இப்போதும் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ஒருமுறை ஏணி வைத்து ஏறுகிறேன். டேப்பின் ஓரம் முழுக்கப் பசை மெல்லிய கறுப்புக் கோடாகப் பிதுங்கி, அதன்மேல் தூசி படிந்து மூடியிருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போவேன். எங்காவது கோடு அறுந்து விரல்நுனி டேப்பின் அடியில் நுழைந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு இறங்குவேன். இந்த வசந்தத்தில் ஒரு வட்டம், ஆன்டெனா கம்பத்தின் வலது பக்கம்.