சினாப்ஸ்: நரம்பிணைப்பா, நரம்புச் சந்தியா?

ஒரு நரம்பணு தன் செய்தியை அடுத்த நரம்பணுவிடம் ஒப்படைக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். பாடநூல்களில் பெரும்பாலும் சினாப்ஸ் என்றே இருக்கும். இணையக் கட்டுரைகளில் நரம்பிணைப்பு என்கிறார்கள். இந்த இரண்டாவது சொல்தான் எனக்கு உறுத்துகிறது. ஏன் என்று சொல்ல, சொல் பிறந்த கதைக்குப் போக வேண்டும்.

இந்தச் சொல்லைத் தந்த சார்லஸ் ஷெரிங்டன் அப்போது இங்கிலாந்தின் லிவர்பூலில் உடலியங்கியல் பேராசிரியர். தண்டுவடத்தின் அனிச்சைச் செயல்களை ஆராய்வதில் பல ஆண்டுகளைக் கழித்தவர். அவருக்கு இரண்டு விஷயங்கள் புதிராக இருந்தன. செய்தி நரம்பு வழியே ஓடும் வேகத்தைக் கணக்கிட்டால், அனிச்சைச் செயல் இன்னும் விரைவாக நடந்திருக்க வேண்டும். தண்டுவடத்துக்குள் எங்கோ தாமதமாகிறது. அப்புறம், தனி நரம்பைத் தூண்டினால் செய்தி இரு திசையிலும் ஓடும். ஆனால் தண்டுவடத்துக்குள் உணர்வு நரம்பிலிருந்து இயக்க நரம்புக்குப் போகிற செய்தி, எதிர்த்திசையில் திரும்பி வருவதில்லை. ஆக, நடுவில் ஏதோ ஓர் எல்லை இருந்தாக வேண்டும்.

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்த ஒரே வலை என்றார் இத்தாலிய ஆய்வாளர் கோல்ஜி. இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனி என்றார் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் கஹால். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள். கோல்ஜி அந்த மேடையிலும் கஹாலின் கொள்கையை மறுத்தே பேசினார். ஷெரிங்டன் கஹால் பக்கம்.

மைக்கேல் ஃபாஸ்டரின் உடலியங்கியல் பாடநூலுக்கு நரம்பு மண்டலப் பகுதியை எழுதும்போது அந்த எல்லைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஷெரிங்டன் முதலில் நினைத்தது ‘சின்டெஸ்ம்’. ஃபாஸ்டர் கேம்பிரிட்ஜின் கிரேக்க அறிஞர் வெராலிடம் கேட்க, அவர் ‘சினாப்ஸ்’ என்றார். கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் சேர்ந்து, ‘ஹாப்டெய்ன்’ என்றால் பற்றுதல். இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது போல: பிடித்திருந்தாலும் கைகள் இரண்டுதான். இந்தச் சொல்லிலிருந்து பெயரடையும் எளிதாகக் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி. 1897இல் சொல் அச்சேறியது.

அப்போது சினாப்ஸை யாரும் கண்ணால் கண்டதில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்த இடைவெளியைத் தெளிவாகக் காட்டியது 1950களின் நடுவில்தான். அகலம் சுமார் 20 நானோமீட்டர். ஷெரிங்டன் 1952லேயே காலமாகிவிட்டார்.

அந்த இடைவெளியைச் செய்தி எப்படித் தாண்டுகிறது? 1921இல் ஓட்டோ லோவி என்ற ஆய்வாளர் ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட, அதுவும் மெதுவாகத் துடித்தது. வேதிப்பொருள்தான் தூது. ஆனாலும் ஷெரிங்டனின் மாணவர் எக்கிள்ஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் மின்சாரமே தாவுகிறது என்று நெடுங்காலம் வாதாடினார். 1951இல் நியூசிலாந்தில் தன் சொந்தச் சோதனையே எதிராக வந்ததும் கட்சி மாறிவிட்டார். அறிவியலில் இப்படி மாறுகிறவர்கள் குறைவு!

சரி, தமிழுக்கு வருவோம். நரம்பிணைப்பு என்றால் கம்பியை முறுக்கி இணைத்த மாதிரி காதில் விழுகிறது. கோல்ஜி கேட்டால் மகிழ்ந்திருப்பார். ‘நரம்பிணைப்பு இடைவெளி’ என்று எழுதினால் சொல்லுக்குள்ளேயே சண்டை. வேறு சொல் தேடினால், நம் இலக்கணத்தில் நிலைமொழியும் வருமொழியும் (முன்சொல்லும் பின்சொல்லும்) கூடும் இடம் புணர்ச்சி. முன்னது பின்னது என்ற வரிசை அதில் உண்டு என்பதால் பொருள் அருமையாகப் பொருந்தும். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரித்தே தீர்ப்பார்கள். கூடல் நல்ல தமிழ், ஆனால் மதுரைதான் முதலில் நினைவுக்கு வரும்.

என் தேர்வு நரம்புச் சந்தி. வடசொல் என்பார்கள், இருக்கட்டும். இலக்கணத்திலும் பழகிய சொல், இலங்கையில் தெருக்கள் கூடும் இடத்துக்கும் அன்றாடச் சொல். வெரால் பார்த்த அதே வசதியும் இதில் இருக்கிறது: சந்திமுன் நரம்பணு, சந்திப்பின் நரம்பணு, சந்தி இடைவெளி என்று தடையின்றிக் கிளைக்கிறது. வேதிப்பொருள் இல்லாமல் மின்னோட்டம் நேரே பாயும் வகையும் 1950களின் இறுதியில் நண்டுக்கு உறவான நன்னீர் உயிரி ஒன்றில் உறுதியானது. பிறகு பாலூட்டிகளின் மூளையிலும் கண்டார்கள். அதை மின் சந்தி என்றும், மற்றதை வேதிச் சந்தி என்றும் எழுதலாம்.