பாடம் இலவசம்தான், அந்த 30 மதிப்பெண்?

மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில், ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் திட்டத்தின் பாடம் ஒன்றில் சேரக் காசு வேண்டாம். ஐஐடி பேராசிரியரின் வீடியோ, வாராவாரம் அசைன்மென்ட், சந்தேகம் கேட்க ஒரு பகுதி, எல்லாமே இலவசம். நேரில் போய் எழுதும் மூன்று மணி நேரத் தேர்வுக்குத்தான் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். ஆனால் பலரைக் கவிழ்ப்பது அந்த ஆயிரம் அல்ல, மதிப்பெண் கணக்கு.

அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடமென்றால் 12 அசைன்மென்ட்டில் சிறந்த 8-இன் சராசரியை எடுப்பார்கள். 8 வாரத்துக்கு 6, 4 வாரத்துக்கு 3. சான்றிதழ் வேண்டுமென்றால் அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 என்று இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். டெலிகிராமில் சுற்றும் விடைகளைப் பார்த்துக் குறித்து 25-க்கு 25 வாங்கியவர், தேர்வில் 29 எடுக்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 54. கூட்டிப் பார்த்தால் பாஸ் மாதிரித்தான் தெரியும், சான்றிதழ் வராது. தானாகப் போட்டு 12 வாங்கி, தேர்வில் 30 எடுத்தவர் 42-உடன் தேறிவிடுவார். சுட்ட விடைகளில் சில தப்பாகவும் இருக்கும், அது வேறு கதை.

பதிவோர் கூட்டமும் முடிப்போர் சொற்பமும் இங்கே மட்டும் நடப்பதல்ல. 2011-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் 20,000 சொச்சம். நம் மாணவர்கள் பலர் கல்லூரி இன்டர்னல் தேர்வு வரும்போது விடுகிறார்கள். வாரத்துக்கு வீடியோ மட்டும் இரண்டரை மணி நேரம் வரும்; நோட்ஸ், கணக்கு சேர்த்தால் ஐந்து. இலவசம்தானே என்று நான்கு பாடம் எடுத்தால் வாரம் இருபது மணி நேரம் எங்கிருந்து வரும்? ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. 12-இல் 8 போதும் என்பதால் விடலாம் என்றிருக்கும் நான்கு அசைன்மென்ட்டை முதல் மாதமே விட்டுத் தீர்த்துவிடாதீர்கள். செமஸ்டர் நெருக்கத்தில் அவைதான் கைகொடுக்கும். சமர்ப்பிப்பதைக் கடைசி நாள் இரவு 11:50-க்கு வைத்துக்கொண்டால் தளம் திணறும்போது கேட்க ஆளிருக்காது.

ஆங்கிலம் தடையாக இருந்தால், சில பாடங்களின் விரிவுரைக்குத் தமிழ் எழுத்து வடிவம் உண்டு. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே தேடிப் பாருங்கள்.

பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. தேர்வுக்குத் தனிப் படிவம், தனிக் கடைசித் தேதி. எல்லா அசைன்மென்ட்டையும் முடித்துவிட்டு இதை மறந்தவர்கள் வருடாவருடம் உண்டு. படிவத்தில் இனிஷியல் உட்படப் பெயரை மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே நிரப்புங்கள்; சான்றிதழில் அதுதான் அச்சாகும்.

கிரெடிட்டுக்காக, அதாவது தங்கள் பட்டப்படிப்புக் கணக்கில் சேர்ப்பதற்காக, எடுப்பவர்களுக்கு இன்னொன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிப்படி ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியே படிக்க அனுமதிக்கலாம். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதைத் தீர்மானிப்பது உங்கள் பல்கலைக்கழகம். 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட் என்று பாடப் பக்கத்தில் இருப்பதை மட்டும் நம்பாமல், சேரும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி வையுங்கள்.