மதுபானக் கொள்முதல்: தரகருக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

ராமநாதபுரம் கடற்கரையில், தொண்டியிலோ ஏர்வாடியிலோ விடுதி நடத்துபவரிடம் ஒருவர் வந்து, "கம்பெனியில் நேரடியாகப் பேசி, விலை குறைத்துச் சரக்கு இறக்கித் தருகிறேன்" என்று சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் மதுபான ஆலைக்கும் விற்பனை இடத்துக்கும் நடுவே நிற்க உரிமை பெற்றது டாஸ்மாக் எனப்படும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் ஒன்றுதான். 1983-இல் தொடங்கப்பட்ட இந்த அரசு நிறுவனம், அதே ஆண்டின் மொத்த வழங்கல் விதிகளின்படி மொத்த விற்பனையையும், 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் நடத்திவருகிறது.

ஆலைக்கு உரிமம் தருவதும் ஆயத்தீர்வை வசூலிப்பதும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் வேலை; ஆலையில் சரக்கு வாங்குவது கழகத்தின் வேலை. வாங்கிய சரக்கு கிடங்குக்கு வந்து, அங்கிருந்துதான் கடைக்குப் போகும் என்பதால், ஆலையின் விற்பனைப் பிரதிநிதி எத்தனை முறை வந்து போனாலும் கடை மேற்பார்வையாளர் அவரிடமிருந்து ஒரு பெட்டிகூட வாங்க முடியாது. எஃப்.எல்.2 உரிமம் பெற்ற மன்றங்களும் எஃப்.எல்.3 உரிமம் பெற்ற ஓட்டல்களும் கழகத்திடம்தான் வாங்கியாக வேண்டும்.

கடையை ஒட்டிய பார் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பார் டெண்டர் எடுத்தவருக்குக் கிடைப்பது தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவுமான உரிமை. மது விற்கும் உரிமை அதில் இல்லை. அதை "சரக்கு லைசென்ஸ்" என்று சொல்லி முன்பணம் கேட்பவர் இல்லாத ஒன்றையே விற்கிறார்.

இந்தக் கடற்கரையின் சொந்த உற்பத்தியாளரான பனையேறிக்கோ இந்த ஏற்பாட்டில் எந்த வாசலும் இல்லை. கள்ளுக்கு 1987 முதல் தடை நீடிப்பதால், அதை அவர் கழகத்துக்கும் விற்க முடியாது, வழியில் போகிறவருக்கும் விற்க முடியாது. சாயல்குடிப் பக்கம் விடியற்காலையில் இறக்கும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது பதநீர். பூசாமல் விட்டுப் புளித்துப்போனால் கள். ஒரே பாளையிலிருந்து வடிந்ததுதான் என்றாலும், முன்னது கருப்பட்டிக்குப் போகும், பின்னது வழக்காகும்.