பழைய கிராபிக்ஸ் கார்டில் எது பழையதாகிறது?

1920-க்கு 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் பிக்சல்கள் இருக்கின்றன. படம் நொடிக்கு 60 முறை மாற வேண்டுமென்றால், அத்தனை பிக்சல்களுக்கும் உரிய நிறத்தை 16.7 மில்லிநொடிக்குள் கணக்கிட்டு முடிக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் வேலை இதுதான். 4கே திரைக்குப் போனால் பிக்சல்கள் நான்கு மடங்காகும். செலவு எகிறுவது அங்கேதான். 1080 திரையே போதும் என்பவர் புத்தம்புது உயர்ரகக் கார்டுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

உருவங்களை முக்கோணங்களாகப் பிரித்து, திரையில் படியவைத்து, பிக்சல் பிக்சலாக நிறமேற்றும் முறைக்கு ராஸ்டரைசேஷன் என்று பெயர். பெரும்பாலான விளையாட்டுகள் இன்றும் இதை நம்பியே ஓடுகின்றன. இதற்கு ஒரே நேரத்தில் கணக்குப் போடும் ஆயிரக்கணக்கான சிறு மையங்களும், அவற்றுக்குத் தரவைக் கொண்டுவரும் அகலமான மெமரிப் பாதையும் வேண்டும். இவை இரண்டும் ஒரு கார்டில் தாராளமாக இருந்தால், ஆண்டுகள் கழிந்தாலும் அது சளைப்பதில்லை.

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ 2017 மார்ச்சில் வந்தது. அதில் 3,584 மையங்கள், 11 ஜிபி மெமரி. மெமரியிலிருந்து நொடிக்கு 484 ஜிபி தரவு பாயும். 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இல் 2,560 மையங்கள், 8 ஜிபி மெமரி, நொடிக்கு 224 ஜிபி. வெறும் ராஸ்டரைசேஷனில் ஐந்து வயது மூத்த கார்டே முந்துகிறது. ஆனால் அது 250 வாட் கேட்கும். புதியதற்கு 130 வாட் போதும். மின்சாரக் கட்டணத்தையும் பவர் சப்ளையின் திறனையும் கணக்கில் சேர்க்காமல் விலையை மட்டும் ஒப்பிடுவது சரியல்ல.

மெமரி அளவை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். சுவர், மண், தோல் போன்ற மேற்பரப்புப் படங்கள் எல்லாம் கார்டின் மெமரியில்தான் தங்குகின்றன. இடம் போதாவிட்டால் கணினியின் பொது மெமரியிலிருந்து மதர்போர்டு வழியாக எடுத்துவர வேண்டும். கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையின் மூன்றாம் தலைமுறையில் 16 தடங்களும் இருந்தால்கூட அந்த வழியில் நொடிக்குச் சுமார் 16 ஜிபிதான் வரும். ஓட்டம் திடீர் திடீரென்று திக்கி நிற்பது இதனால்தான். 2022-இல் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் 4 ஜிபி மெமரி, நான்கே தடங்கள். பழைய மதர்போர்டில் செருகினால் நொடிக்கு 4 ஜிபி அளவுதான் கிடைக்கும். அதற்கு 8 ஜிபி உள்ள பழைய கார்டு எவ்வளவோ மேல்.

அப்படியானால் எதில்தான் வயது தெரியும்? கார்டில் இல்லாத சுற்றுகளில். ஒளி போகும் வழியைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறையான ரே டிரேசிங்கில் ஒளிக்கதிர் எந்த முக்கோணத்தில் மோதுகிறது என்று லட்சக்கணக்கான முக்கோணங்களுக்கிடையே தேட வேண்டும். இதற்கென்றே தனிச் சுற்றுகள் விளையாட்டுக்கான கார்டுகளில் வந்தது 2018-இல், ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில். ஏஎம்டியில் 2020-இன் ஆர்எக்ஸ் 6000 வரிசையில். 2025-இல் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ போன்ற விளையாட்டுகள் இந்தச் சுற்றுகளைக் கட்டாயமாகக் கேட்கின்றன. 1080 டிஐ எவ்வளவு வலுவாக இருந்தாலும் அங்கே பயனில்லை. அந்தத் தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மேம்பாட்டையும் என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். எனவே பழைய விளையாட்டுகளே போதும் என்பவருக்கு 1080 டிஐ இன்னமும் நல்ல பொருள். புதியவையும் வேண்டுமென்றால் மேற்சொன்ன வரிசைகளுக்கு முன் பிறந்ததை வாங்க வேண்டாம்.

சிப் எளிதில் தேய்வதில்லை. தேய்வது மின்விசிறியின் தாங்கி (பேரிங்). காய்ந்துபோவது சிப்புக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவே பூசிய பசை. இரண்டையும் மாற்றிவிடலாம். மெமரி சிப் பழுதானால் திரையில் வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும்; அதைச் சரிசெய்வது கடினம். ஆகவே பணம் கொடுக்குமுன் கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி, திரையையும் வெப்பநிலையையும் கூடவே இருந்து பாருங்கள்.