இறுகிப்போன ஹப்பில் சம்மட்டி வேண்டாம்: பழைய தோட்ட டிராக்டரின் பின்சக்கரத்தைக் கழற்றும் முறை

பழைய தோட்ட டிராக்டரில் பின் அச்சின் ஆயில் சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால், அதை மாற்றுவது சின்ன வேலை. சீலை எட்டுவதற்கு முதலில் ஹப்பை, அதாவது சக்கரத்தை அச்சோடு இணைக்கும் நடுப்பாகத்தை, கழற்றியாக வேண்டும். நாள்கணக்கில் இழுப்பது அதுதான். பொறுமை போய்ச் சம்மட்டியைத் தூக்கும்போதுதான் ஹப்பின் விளிம்பு உடைகிறது, அச்சின் நுனி நசுங்குகிறது, இரும்புச் சில் கண்ணில் தெறிக்கிறது. இவை எல்லாமே தவிர்க்கக்கூடியவை.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகரில் தயாரான வீல் ஹார்ஸ் டிராக்டரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1986இல் டோரோ நிறுவனம் வாங்கிய பெயர் இது. அதற்கு முன் வந்த வண்டிகள் பல இன்றும் புல் வெட்டுகின்றன, குளிர்காலத்தில் பனி தள்ளுகின்றன. இவற்றின் பின் ஹப் வார்ப்பிரும்பு. அச்சின் விட்டம் மாடலைப் பொறுத்து 1 அங்குலம் (25.4 மி.மீ.) அல்லது ஒன்றே அரைக்கால் அங்குலம் (28.6 மி.மீ.). ஹப்பைச் சுழற்றுவது கால் அங்குலக் கீ, அதாவது அச்சிலும் ஹப்பிலும் உள்ள பள்ளங்களில் உட்காரும் இரும்புக் கட்டை. ஹப்பை நகராமல் பிடித்திருப்பது செட் ஸ்க்ரூ, அதாவது ஹப்பின் வழியாக உள்ளே திருகி இறுக்கும் தலையில்லாத திருகு. சக்கரம் ஐந்து போல்ட்டுகளில் நிற்கிறது.

அச்சுக்கும் ஹப்புக்கும் நடுவில் தலைமுடி அளவு இடைவெளிகூட இருக்காது. அங்கே தண்ணீரும் பனி உருகச் சாலையில் தூவும் உப்பும் புகுந்து துருவாகின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அடைத்த கதவில் ஆப்பு அறைந்த மாதிரிதான் இது. ஹப்பை இறுக்கியிருப்பது இந்த அழுத்தம் என்று புரிந்துகொண்டால், நுனியில் அடித்து ஏன் பயனில்லை என்பதும் புரியும். அந்த அடியின் வேகம் டிரான்ஸ்மிஷனுக்குள் போய் டிஃபரென்ஷியலையும் பேரிங்கையும் தாக்கும். போதாததற்கு அச்சின் நுனி காளான் தலையாக விரியும். விரிந்த நுனியை அரத்தால் ராவி எடுக்காமல் எந்த ஹப்பும் அதைத் தாண்டி வெளியே வராது.

சக்கர போல்ட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. புல்லரை (ஹப்பை அச்சிலிருந்து இழுத்து எடுக்கும் கருவி) இறுக்கும்போது வண்டி பக்கவாட்டில் இழுபடும். பிறகு சக்கரத்தை முழுதாகக் கழற்றி அப்பால் வையுங்கள். டயர் மாட்டிய ரிம்மிலோ ஹப்பிலோ நெருப்புக் காட்டினால் உள்ளே ரப்பர் சிதைந்து எரிவாயு உண்டாகும். காற்று இறக்கிய டயர்கூட இப்படி வெடிக்கலாம். லாரிச் சக்கரங்களைக் கையாள்வதற்கான அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, சக்கரப் பாகங்களுக்குச் சூடு காட்டுவதையே தடை செய்கிறது. சிறிய டயர்தானே என்று விடுகிறவர்கள் அதிகம். தயவுசெய்து அப்படி விடாதீர்கள்.

அச்சின் நுனி ஹப்பிலிருந்து எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். திருப்பி மாட்டும்போது இந்த அளவு தேவைப்படும். நீட்டியிருக்கும் பகுதியைக் கம்பித் தூரிகையாலும், பிறகு 120, 220 எண் எமரித் தாளாலும் பளபளவென்று தேயுங்கள். ஹப் இந்தப் பகுதியின் மேல்தான் வழுக்கி வர வேண்டும். இங்கே மிஞ்சும் பெயின்டும் துருவும் அதைப் பாதியில் நிறுத்திவிடும். கீ உட்காரும் பள்ளத்தின் ஓரப் பிசிறுகளையும் மெல்லிய அரத்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது செட் ஸ்க்ரூ. நிறைய பேர் ஏமாறும் இடம் இது. தளர்த்தினால் போதாது, வெளியே எடுக்க வேண்டும். எடுத்த பின் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பூட்டுவதற்காக ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு ஸ்க்ரூ போட்டிருப்பதுண்டு. அடியில் ஒன்று இருப்பது தெரியாமல் புல்லரை இறுக்கினால் அச்சில் நீளமாகக் கோடு விழும். ஆலன் கீயை நுழைக்கும் முன் அந்தக் குழியைக் கூரான ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். இவை அங்குல அளவு ஸ்க்ரூக்கள். மில்லிமீட்டர் ஆலன் கீ உட்கார்ந்த மாதிரி தெரியும், திருகியதும் குழியை வழித்துவிடும். வழிந்துபோனால் இடக்கை (இடப்பக்கமாகச் சுற்றித் துளையிடும்) டிரில் பிட்டால் நடுவில் துளையுங்கள். பல சமயம் பிட் சுற்றும் சுற்றிலேயே ஸ்க்ரூ கழன்று வரும்.

ஸ்க்ரூ போன ஓட்டை இப்போது நமக்கு எண்ணெய் ஊற்றும் வழி. வெளி விளிம்பில் தெளிக்கும் எண்ணெய் சில மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். இந்த ஓட்டை நேராகத் துருப்பிடித்த நடுப்பகுதிக்குப் போகிறது. கடையில் விற்கும் துரு எண்ணெய் போதும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்தும் பயன்படுத்தலாம். இரண்டும் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் ரப்பர் சீலைக் கெடுக்கும், ஆகவே உள்பக்கம் படாமல் பாருங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை சில சொட்டு விட்டு, ஹப்பின் கழுத்துக்கு (அச்சைச் சுற்றியிருக்கும் குழாய் போன்ற பகுதி) ஒரு பக்கம் கனமான இரும்பை அணை கொடுத்து, எதிர்ப்பக்கம் 1 கிலோ சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். அந்த அதிர்வு துருவில் விரிசல் விட்டு எண்ணெயை உள்ளே இழுக்கும். மூன்று நான்கு நாள் இப்படி விடுவதற்கு மனம் வராது. ஆனால் புல்லரே தேவைப்படாமல் போவது இந்தக் கட்டத்தில்தான்.

செட் ஸ்க்ரூ இல்லாமல் வண்டியை வட்டமடித்து ஓட்டினால் ஹப் தானே தளரும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். ஓடும் வண்டியில் சக்கரம் கழன்றால் வண்டி கவிழும். வேண்டாம்.

இனி இழுப்பது. ஹப்பின் வெளி விளிம்பில் இரண்டு கால் புல்லரை மாட்டாதீர்கள். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. விளிம்பு பிறைபோல உடைந்து வரும். இழுவிசை கழுத்துக்கு எவ்வளவு பக்கத்தில் விழுகிறதோ அவ்வளவு நல்லது. ஹப்புக்கும் அச்சுக் கூட்டுக்கும் நடுவே இடம் இருந்தால் பேரிங் செபரேட்டரை (பின்னாலிருந்து கவ்விப் பிடிக்கும் இரண்டு பாதித் தகடுகள்) நுழைத்து, அதன் போல்ட்டுகளிலிருந்து இழுப்பதே சிறந்தது. இடம் இல்லையென்றால் 16 முதல் 20 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகடு ஒன்றை லேத்தில் கொடுத்து, நாலரை அங்குல (114.3 மி.மீ.) வட்டத்தில் ஐந்து துளையும், நடுவில் முக்கால் அங்குல போல்ட்டுக்கு மரையும் போட்டு வாங்குங்கள். வட்டத்தின் அளவை உங்கள் ஹப்பிலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து போல்ட்டும் ஹப்பின் மரையில் முழு ஆழம் ஏறி, சமமாக இறுகியிருக்க வேண்டும்; ஒன்று தளர்ந்தாலும் விளிம்பு கோணலாக இழுபடும்.

நடு போல்ட்டின் மரைக்குக் கிரீஸ் தடவி, அதன் நுனிக்கும் அச்சுக்கும் இடையே ஒரு எஃகுத் துண்டை வையுங்கள். அந்த போல்ட்டை 150 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் சுமார் 4 முதல் 5 டன் விசை கிடைக்கும். அதோடு நிறுத்துங்கள். கழுத்தைச் சுற்றித் தட்டி, இரவு முழுதும் இழுவிசையிலேயே விட்டு, காலையில் கால் சுற்று மட்டும் கூட்டுங்கள். ஹப் விடும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் வரும், புல்லர் எகிறும். அதற்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. கனமான சாக்கையோ கம்பளியையோ சுற்றிப் போடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

அதற்கும் அசையவில்லை என்றால் சூடு. நெருப்புக்கு முன் எண்ணெயையெல்லாம் துடைத்துவிட்டு, பெட்ரோல் டேங்கை அப்புறப்படுத்துங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் மட்டும் துடைக்கவே கூடாது. அது சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும். பெயின்டையும் முன்கூட்டியே, முகமூடி போட்டு, ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். அமெரிக்காவில் வீட்டு பெயின்டிலேயே ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான், அதற்கு முந்தைய வண்டியின் பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

சூடு ஹப்புக்கு, அச்சுக்கு அல்ல. ஹப் அச்சைவிட 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் 1 அங்குலத் துளை சுமார் 0.03 மி.மீ. விரியும். சின்ன எண்தான், துருவின் பிடியை விடுவிக்க அதுவே போதும். மெல்லிய தீயில் நெடுநேரம் காட்டினால் அச்சும் சேர்ந்து விரிந்து பலன் பூஜ்யமாகிவிடும். பெரிய தீயை கழுத்தைச் சுற்றி இரண்டு மூன்று நிமிடம் வேகமாகக் காட்டி, உடனே புல்லரை இறுக்க வேண்டும். பின்பக்கச் சீல் தீய்ந்துவிடும், புதிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், தானாக ஆறட்டும்.

எதற்கும் மசியாத ஹப்பை வெட்டத்தான் வேண்டும். பழைய ஹப்புகள் உதிரிச் சந்தையில் கிடைக்கும். அச்சை மாற்ற டிரான்ஸ்மிஷனையே பிரிக்க வேண்டும். ஆகவே ஹப்பைப் பலி கொடுங்கள். கீ இருக்கும் இடத்துக்கு நேர் மேலே மெல்லிய கட்டிங் வீலால் நீளவாக்கில் அறுங்கள். கொஞ்சம் ஆழம் கூடினாலும் வெட்டு கீயில்தான் விழும். கடைசி ஓரிரு மில்லிமீட்டரை விட்டுவிட்டு, உளியை வைத்துத் தட்டினால் வார்ப்பிரும்பு பிளந்துகொள்ளும்.

திருப்பி மாட்டுகையில் துளையையும் அச்சையும் எமரித் தாளால் சுத்தம் செய்யுங்கள். செட் ஸ்க்ரூ குத்திய இடத்தில் எழும்பிய பிசிறை ராவிவிடுங்கள். கீ புதிதாக இருக்கட்டும், கால் அங்குலமாகவே இருக்கட்டும். 6 மி.மீ. கீ கைக்குக் கிடைக்கிறது என்று போட்டால் 0.35 மி.மீ. ஆட்டம் இருக்கும், முன்னும் பின்னும் ஓட்ட ஓட்ட அது பள்ளத்தை அடித்து அகலமாக்கிவிடும். ஆன்டி சீஸ் பசையை (துருவால் இறுகாமல் தடுக்கும் பசை) மெல்லிதாகத் தடவி, எழுதிவைத்த அளவுக்குத் தள்ளி, செட் ஸ்க்ரூவை இறுக்குங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிய பின் மறுபடி இறுக்குங்கள், அதற்குள் அது கொஞ்சம் தளர்ந்திருக்கும். பனி தள்ளும் வண்டியாக இருந்தால் ஒவ்வொரு வசந்தத்திலும் ஸ்க்ரூவை எடுத்து, ஹப்பை ஒரு விரற்கடை நகர்த்திப் பார்த்து, பசையைப் புதுப்பித்துத் திரும்பத் தள்ளிவிடுங்கள்.