‘அடுத்து என்ன?’ என்று மட்டும் கேட்டால் போதாது

புளியங்கொட்டை, சோழி, புளியங்கொட்டை, சோழி, புளியங்கொட்டை. “அடுத்து என்ன?” என்று அங்கன்வாடி டீச்சர் கேட்டதும் நாலு வயசுப் பிள்ளை சட்டென்று ஒரு சோழியை எடுத்து வைக்கும். எல்லோரும் கை தட்டுவோம். ஆனால் அமைப்பு புரிந்துதான் வைத்தது என்று சொல்லிவிட முடியாது. கடைசியில் இருப்பதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தாலே இங்கே விடை சரியாகிவிடும்.

கூட ஒரு சோழியைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு புளியங்கொட்டை, இரண்டு சோழி. மறுபடி ஒரு புளியங்கொட்டை, இரண்டு சோழி. இப்போது மாற்றி மாற்றி வைக்கிற வித்தை செல்லாது. ஒரு துண்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிள்ளை பிரித்துப் பார்த்தாக வேண்டும். திரும்பத் திரும்ப வரும் அந்தத் துண்டைக் கண்டுபிடிப்பதுதான் இதில் உள்ள கணக்கு. பின்னாளில் இரண்டிரண்டாக எண்ணும்போதும், வாய்ப்பாடு படிக்கும்போதும் தேவைப்படுவது இதே பார்வைதான். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கதம்பம் கட்டுபவரின் கையைக் கவனித்தால் இது விளங்கும். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று தனித்தனியாக அந்தக் கை யோசிப்பதில்லை. மூன்றும் சேர்ந்த ஒரு சுற்றாகவே அது ஓடுகிறது.

ஒழுங்கைப் பிடிக்கும் திறன் பிள்ளைகளுக்கு நாம் புதிதாக ஊட்டுவதும் அல்ல. இடைவெளியே இல்லாமல் ஓடும் அசைகளை 2 நிமிடம் கேட்டாலே, எந்த அசைக்குப் பின் எது வருகிறது என்பதை 8 மாதக் குழந்தைகள் பிடித்துவிடுகின்றன என்று உளவியல் ஆய்வாளர் ஜெனி சாஃப்ரனும் அவருடைய சகாக்களும் 1996இல் காட்டினார்கள். 1999இல் கேரி மார்கஸ் குழுவினர், ‘ஒன்று, வேறொன்று, அதே வேறொன்று’ என்ற ஒலி ஒழுங்கை 7 மாதக் குழந்தைகள் புதிய அசைகளிலும் அடையாளம் காண்பதைக் கண்டார்கள்.

பிறகு ஏன் நாலு வயதில் தடுமாற்றம்? காதால் உணர்வது வேறு, கையால் செய்து காட்டுவது வேறு. செய்யும்போது துண்டை மனதில் வைத்திருக்க வேண்டும், இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று நினைவிருக்க வேண்டும், பிடித்த நிறத்தை எடுக்கத் துடிக்கும் கையையும் அடக்க வேண்டும். அந்த வயதுக்கு இது பெரிய சுமை.

பார்த்து அப்படியே வைப்பது எளிது. தொடர்வது அதைவிடக் கொஞ்சம் கடினம். உண்மையான சோதனை வேறு பொருளில் செய்யச் சொல்வதுதான். புளியங்கொட்டையும் சோழியும் வைத்த வரிசையைக் காட்டி, “இதே மாதிரி பாட்டில் மூடியிலும் குச்சியிலும் வை” என்று சொல்லிப் பாருங்கள். இங்கே எமிலி ஃபைஃப் குழுவின் 2015ஆம் ஆண்டு ஆய்வு கைகொடுக்கிறது. அமைப்பை நிறப் பெயர், வடிவப் பெயர் சொல்லி விளக்குவதைவிட எழுத்துகளால் விளக்கும்போது பிள்ளைகள் அதை வேறு பொருளில் நன்றாகச் செய்தார்கள். நாம் “அ, இ, இ” என்று சொல்லலாம். ‘சோழி’ என்ற பெயர் சோழியோடு ஒட்டிக்கொள்ளும். ‘இ’ மூடிக்கும் பொருந்தும், குச்சிக்கும் பொருந்தும். எழுத்து வேண்டாம் என்றால் “டும் டக் டக்” என்று தட்டுங்கள். (மூன்று வயதுக்கும் குறைந்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் புளியங்கொட்டையும் சோழியும் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.)

1, 3, 5, 3, 1 என்று வளர்ந்து தேயும் புள்ளிக் கோலம் வேறு வகை, அதில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருவதில்லை. அதற்கு அவசரமில்லை.

வரிசை அறிவதும் தனிச் சங்கதிதான். மீனாட்சியம்மன் கோயில் மேலக் கோபுரத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தால் மேலச் சித்திரை வீதி, மேல ஆவணி மூல வீதி, மேல மாசி வீதி, மேல வெளி வீதி என்று வரும். இதில் திரும்ப வரும் துண்டு கிடையாது. ஒன்றைச் சொன்னால் அடுத்ததை ஊகிக்கவும் முடியாது. நடந்து, முன்பின் உறவாகத்தான் மனதில் ஏற்ற வேண்டும். போகும்போது பெயரைச் சொல்லிக்கொண்டு போங்கள். திரும்பும்போது “இதுக்கு அடுத்து எந்தத் தெரு வரும்?” என்று கேளுங்கள். தலைகீழாகச் சொல்வது நிஜமாகவே கடினம்.

நாம் பேசும் முறையும் கணக்கில் சேரும். காதில் விழுந்த வரிசையிலேயே காரியம் நடந்ததாகச் சிறு பிள்ளைகள் எடுத்துக்கொள்வதை ஈவ் கிளார்க் 1971இல் ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் கண்டார். “சாப்பிடுறதுக்கு முன்னாடி கை கழுவு” என்றால் சாப்பாடு முதலில் காதில் விழுகிறது. “கை கழுவிட்டுச் சாப்பிடு” என்றால் சொல்லும் வரிசையும் செய்யும் வரிசையும் ஒன்று. மூன்று வயதில் இரண்டாவதைச் சொல்லுங்கள். ஐந்து வயதில் முதலாவதையும் வேண்டுமென்றே கலந்து பழக்கலாம்.

பிள்ளை தப்பாக வைத்தால் உடனே எடுத்து மாற்றி வைக்காதீர்கள். வரிசையை முதலிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு, “டும் டக் டக், டும் டக் டக், டும் டக்…” என்று பிள்ளையையே சொல்ல வையுங்கள். கண் தவறவிட்டதைப் பல நேரம் காது பிடித்துக் கொடுத்துவிடும்.